பேரழிவுகளுக்குப் பால்வெளி காரணமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளியான, சூரியனின் பால்வெளிப் பயணத்தையும் பூமியில் நிகழ்ந்த உயிரினப் பேரழிவுகளையும் தொடர்புபடுத்தும் கட்டுரையைப் படித்தேன். இத்தகைய பொருளுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வாளர்களிடையே இழுபறியாக இருந்துவரும் ஓர் ஊகத்தை அக்கட்டுரை முடிந்த முடிவாக எழுதிவிட்டது. ஏறத்தாழ 2.6 கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை உயிரினங்கள் கூண்டோடு அழிகின்றன என்றும், தட்டுப்போல் பரந்துள்ள விண்மீன் கூட்டமான பால்வெளியின் நடுத்தளத்தைச் சூரியன் கடக்கும்போதெல்லாம் அது நிகழ்வது நிரூபிக்கப்பட்டுவிட்டது என்றும், அடுத்த கடப்பு நெருங்கிக்கொண்டிருக்கிறது என்றும் அதில் மூன்று செய்திகள் உள்ளன. முதலாவது விவாதத்துக்குரியது, இரண்டாவது நிரூபிக்கப்படாதது, மூன்றாவது தவறு. பக்கத்து வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவி அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்து, "தாத்தா, அடுத்தது எப்ப வரும்?" என்று கேட்டாள். கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அவளுக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்துத் தங்களுக்கும் எழுதுகிறேன்.

ஐயத்துக்கு இடமில்லாத செய்திகளிலிருந்து தொடங்குகிறேன். சூரியன் பால்வெளியின் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவில் இருந்துகொண்டு, நொடிக்கு ஏறத்தாழ 230 கிலோமீட்டர் வேகத்தில் அம்மையத்தைச் சுற்றி வருகிறது. இக்கடிதத்தைப் படிக்கப் பத்து நிமிடம் ஆகுமென்றால், அதற்குள் சூரியன் நம்மையும் இழுத்துக்கொண்டு 1,30,000 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். அப்படிப் போயும் ஒரு சுற்றை முடிக்க 22 முதல் 25 கோடி ஆண்டுகள் ஆகின்றன. சென்னைப் பல்லாவரத்துக் குன்றில் காணப்படும் சார்னோக்கைட் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழையது. அது தோன்றியபின் பால்வெளியைப் பத்துப் பதினொரு முறை சுற்றிவிட்டது. முதல் டைனோசர்கள் உலவிய காலத்தில் சூரியன் ஏறத்தாழ இப்போதிருக்கும் இடத்தில்தான், ஒரு சுற்றுக்கு முன்பு, இருந்தது. டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பிறகு நாம் கால் சுற்றுக்குச் சற்றே அதிகமாகத்தான் வந்திருக்கிறோம்.

இந்தச் சுற்று ஒரே மட்டத்தில் நடப்பதில்லை. திருவிழா ராட்டினத்தின் மரக்குதிரை சுற்றிக்கொண்டே மேலும் கீழும் போய்வருவதுபோல, சூரியனும் பால்வெளியின் நடுத்தளத்துக்கு மேலே எழும்பி, மீண்டும் இறங்கித் தளத்தைக் கடந்து, கீழே போய்த் திரும்புகிறது. ஒரு கடப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 3 முதல் 4 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இந்த எண்ணைப் பின்னால் மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும்.

இந்த ஊகம் பிறந்த கதை நியாயமான கதைதான். இத்தாலியின் குப்பியோ நகருக்கு அருகே சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவில் ஓரிரு சென்டிமீட்டர் தடிப்புள்ள களிமண் படலம் ஒன்று இருக்கிறது. அதில் பூமியின் மேலோட்டில் அரிதான இரிடியம் மிகுந்திருப்பதைக் கண்ட லூயிஸ் ஆல்வரெஸும் அவர் மகன் வால்டரும் உடன் ஆய்வாளர்கள் இருவரும், விண்கல் மோதியே டைனோசர்கள் அழிந்தன என்று 1980இல் எழுதினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, சிகாகோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ராப், ஜாக் செப்கோஸ்கி இருவரும் கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவப் பதிவுகளைத் தொகுத்து, கடந்த 25 கோடி ஆண்டுகளில் அழிவுகள் 2.6 கோடி ஆண்டு இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று அறிவித்தார்கள். அந்த 1984ஆம் ஆண்டிலேயே விளக்கங்களும் வரிசையில் வந்து நின்றன. சூரியனுக்கு நெமெசிஸ் என்னும் கண்ணுக்குத் தெரியாத துணை விண்மீன் ஒன்று இருக்கிறது, அது நெருங்கி வரும்போதெல்லாம் வால்மீன்களைக் கலைத்து உள்ளே தள்ளுகிறது என்றார்கள் சிலர். மைக்கேல் ராம்பினோவும் ரிச்சர்ட் ஸ்டாதர்ஸும், துணை விண்மீன் எதற்கு, வாயு மேகங்கள் செறிந்த நடுத்தளத்தைக் கடப்பதே, சூரியக் குடும்பத்தின் வெளி விளிம்பைச் சூழ்ந்திருக்கும் ஊர்ட் மேகத்து வால்மீன்களைக் கலைக்கப் போதும் என்றார்கள். தங்கள் கட்டுரை சொன்னது இந்த இரண்டாவது விளக்கத்தை. அமெரிக்காவின் வைஸ் விண்கலம் வானம் முழுவதையும் அகச்சிவப்பில் எடுத்த படங்களில் அத்தகைய துணை விண்மீனைத் தேடிப் பார்த்தார்கள். 2014இல் வெளியான முடிவின்படி, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 26,000 மடங்கு தொலைவு வரை வியாழன் அளவுக்குக்கூட எதுவும் அகப்படவில்லை. அந்த விண்மீனை மறந்துவிடலாம்.

நடுத்தள விளக்கத்தை அப்படி எளிதில் தள்ளிவிட முடியாது, ஏனெனில் சூரியன் தளத்தைக் கடப்பது உண்மை. சிக்கல் கணக்கில் இருக்கிறது. சூரியன் கடைசியாகத் தளத்தைக் கடந்து 20 முதல் 30 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. நிலவியல் கணக்கில் இது நேற்று மாலை. ராப், செப்கோஸ்கி தொகுப்பிலோ, கடைசி அழிவு நிகழ்ந்தது சுமார் 1.1 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. கடப்புதான் அழிவைக் கொண்டுவருகிறது என்றால், பட்டியலின் கடைசி அழிவு நேற்று மாலை நிகழ்ந்திருக்க வேண்டும்; அது நிகழ்ந்ததோ போன வாரத்தில். இரண்டு கடிகாரங்களும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன என்றே வைத்துக்கொண்டாலும், முட்கள் ஒரே நேரத்தைக் காட்டவில்லை.

வேகமும் ஒன்றல்ல. நம்மைச் சுற்றியுள்ள விண்மீன்களும் வாயுவும் தளத்தை நோக்கி எவ்வளவு வலுவாக இழுக்கின்றன என்பதைப் பொறுத்ததே சூரியன் ஏறி இறங்கும் காலம். 1989இல் ஏவப்பட்ட ஹிப்பார்கோஸ் விண்கலமும் 2013இல் ஏவப்பட்ட கையா விண்கலமும் விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்து தந்தபின், அந்த இழுப்பைக் கொண்டு கணக்கிட்டால் ஒரு கடப்புக்கும் மறு கடப்புக்கும் இடைவெளி 4 கோடி ஆண்டை ஒட்டி வருகிறது. அதை 2.6 கோடிக்குக் கொண்டுவர வேண்டுமானால் தளத்தில் நாம் காணும் பொருளைப்போல் இரு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். லிசா ராண்டல், மாத்யூ ரீஸ் என்னும் இயற்பியலாளர்கள் 2014இல், ஈர்ப்பால் மட்டுமே தன்னை உணர்த்தும், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் ஒரு பகுதி மெல்லிய தட்டாகத் தளத்தில் படிந்திருக்கலாம், அப்போது இடைவெளி 3.5 கோடி ஆண்டாகச் சுருங்கி விண்கல் பள்ளங்களின் வயதோடு ஒத்துப்போகும் என்று எழுதினார்கள். மிக அழகான கருத்து. ஆனால் கையா தந்த தரவுகளைக் கொண்டு 2018இல் செய்த ஆய்வு, அத்தனை கனமான தட்டுக்கு அங்கே இடமில்லை என்று காட்டியது. அந்தத் தட்டு இருந்தாலும் கிடைப்பது 3.5 கோடிதான், 2.6 கோடி அல்ல. தங்கள் கட்டுரையாளர் ஒரு பத்தியில் 2.6 என்றும் அடுத்த பத்தியில் 3.5 என்றும் எழுதிவிட்டு இரண்டும் ஒன்றே என்பதுபோல் கடந்துபோனது எனக்கு வியப்பளித்தது.

இந்த இடத்தில் எதிர்த்தரப்புக்கு ஆதரவாகவும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இடைவெளியை 3.2 கோடி என்று வைத்து எண்ணினால் கடப்புகள் சுமார் 30 லட்சம், 3.5 கோடி, 6.7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அமையும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மெக்சிகோவின் யுகட்டான் கரையில் சிக்ஸுலூப் பள்ளம் உண்டானது. 3.5 கோடி ஆண்டுகளை ஒட்டிச் சைபீரியாவில் 100 கிலோமீட்டர் அகலமுள்ள போப்பிகாய் பள்ளமும் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாப் பள்ளமும் அடுத்தடுத்து உண்டாயின. இதைப் பார்த்த எவருக்கும் ஒரு கணம் மயிர்க்கூச்செறியும்; எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் போப்பிகாய் அவ்வளவு பெரிய பள்ளமாக இருந்தும் அந்த மோதலால் பேரழிவு எதுவும் நேரவில்லை. அந்தக் காலத்துப் பெரிய உயிரின மாற்றம் அதற்குச் சுமார் இருபது லட்சம் ஆண்டுகள் கழித்து, அண்டார்க்டிகாவில் பனி படரத் தொடங்கியபோது வந்தது. சிக்ஸுலூப்பில் விழுந்தது ஊர்ட் மேகத்து வால்மீனும் அல்ல. அந்த மோதலின் தூசிப் படலத்தில் உள்ள ருத்தீனியம் என்னும் உலோகத்தின் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களை) அளந்த கொலோன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அது வியாழனுக்கு அப்பால் தோன்றிய கார்பன் மிகுந்த சிறுகோள் என்று 2024இல் தெரிவித்தார்கள். நடுத்தள விளக்கத்துக்கு வால்மீன்கள் வேண்டும். அதன் தலைசிறந்த சான்றிலேயே வால்மீன் இல்லை.

அடுத்தது பாறைகளின் வயது. இதில் எங்கள் துறையின் குறையை நான் மறைக்கப்போவதில்லை. சீனாவின் மெய்ஷானில் பெரும் உயிரின அழிவோடு பெர்மியன் காலம் முடிவுறும் அடுக்கின் வயது 25.19 கோடி ஆண்டுகள் என்று, சில பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிழையில்லாமல், நமக்குத் தெரியும். எல்லாப் பாறைகளும் அவ்வளவு தாராளமாகப் பேசுவதில்லை. பூமியில் இதுவரை அடையாளம் காணப்பட்ட சுமார் 200 விண்கல் பள்ளங்களில் பெரும்பாலானவற்றின் வயது துல்லியமாகத் தெரியாது. தொலைவில் போக வேண்டாம். மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரியைப் பாருங்கள். தக்காணத்து எரிமலைப் பாறையில் ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் அகலத்தில் கிண்ணம்போல் பதிந்திருக்கும் அந்தப் பள்ளத்தின் வயது சுமார் 50,000 ஆண்டுகள் என்று நான் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்தேன். அப்போது கிடைத்த வெப்ப ஒளிர்வு முறையின் கணக்கு அது. மோதலில் உருகிய பாறைத் துண்டுகளை ஆர்கான் முறையில் அளந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு 5,70,000 ஆண்டுகள் என்றது. பதினொரு மடங்கு! ஓய்வுபெறும் தறுவாயில் குறிப்பேட்டைத் திருத்திய ஆசிரியனின் சங்கடத்தை நீங்கள் புரிந்துகொள்வீர்கள். நன்றாகத் தெரியும், நடந்தே உள்ளே இறங்கிப் பார்க்கலாம் என்ற நிலையில் உள்ள பள்ளத்தின் கதையே இது. அரித்தும் மூடியும் போன பழைய பள்ளங்களின் வயதைப் பட்டியலிட்டு, அதில் ஒரு சீரான துடிப்பைத் தேடினால், தேடுகிறவர் விரும்பும் துடிப்பு கிடைத்துவிடும் அபாயம் உண்டு. ஹைடல்பெர்க் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் கோரின் பெய்லர்-ஜோன்ஸ் 2011இல் இதே பள்ளங்களின் வயதுகளைப் பிழை வரம்புகளோடு சேர்த்துப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து, சீரான சுழற்சிக்கு ஆதாரம் இல்லை என்றார்.

நடுத்தள விளக்கத்தை முன்வைத்த ராம்பினோவும் சும்மா இருக்கவில்லை. அவரும் உடன் ஆய்வாளர்களும் 2021இல், உயிரின அழிவு, கடல்மட்ட மாற்றம், பெரும் எரிமலைக் குழம்புப் பெருக்கு, நிலத்தட்டு நகர்வு வேக மாற்றம் போன்ற 89 நிகழ்வுகளை எடுத்து, கடந்த 26 கோடி ஆண்டுகளில் அவை 2.75 கோடி ஆண்டு இடைவெளியில் கொத்துக்கொத்தாக வருகின்றன என்று காட்டினார்கள். இந்த ஆய்வை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களே அதற்குக் காரணம் பூமியின் உட்புறத்திலும் இருக்கலாம், வானத்திலும் இருக்கலாம் என்றுதான் விட்டிருக்கிறார்கள். அந்த நிகழ்வுகளில் பல ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதையும் பார்க்க வேண்டும். சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பொங்கியது, அதில் வெளியான வாயுக்களால் கடல் சூடேறி மூச்சுத்திணறியது, உயிரினங்கள் அழிந்தன. பட்டியலில் இவை வெவ்வேறு வரிகளாக இருந்தாலும் நிகழ்வு ஒன்றுதான். பூமியின் உள்ளே மெதுவாகப் புரளும் வெப்பத்துக்கே அப்படி ஒரு தாளம் இருக்குமானால், பால்வெளியைத் துணைக்கு அழைக்க வேண்டிய தேவையில்லை.

சுருள் கரங்களைப் பற்றித் தங்கள் கட்டுரை ஒரே வரியில் சொன்னதால் நானும் சுருக்கமாகவே எழுதுகிறேன். விண்மீன்கள் செறிந்து சுருண்டு நீளும் பால்வெளியின் சுருள் கரங்களைச் சூரியன் கடக்கும்போது, விண்வெளியிலிருந்து வரும் வேகத் துகள்களான அண்டக் கதிர்கள் மிகும், அவை மேகங்களைப் பெருக்கும், பூமி குளிர்ந்து பனியுகம் வரும் என்று இஸ்ரேலைச் சேர்ந்த நிர் ஷாவிவ் 2002இல் எழுதினார். இரும்பு விண்கற்கள் அண்டக் கதிர்களுக்கு ஆட்பட்டிருந்த காலத்தைக் கொண்டு 14 கோடி ஆண்டுச் சுழற்சி ஒன்றையும் கணக்கிட்டார். 44 கோடி, 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், கடந்த 3.4 கோடி ஆண்டுகளிலும் பெரும் பனிக்காலங்கள் வந்தது உண்மை. இடையில் 15 கோடி ஆண்டுகளை ஒட்டி ஒன்று வந்திருக்க வேண்டுமே, அப்போது கண்டங்களை மூடிய பனிப்படலத்துக்குத் தடயம் இல்லை. சுருள் கரங்கள் எந்த வேகத்தில் சுழல்கின்றன என்பதே வானியலாளர்களுக்கு இன்னும் தீராத பிரச்சினை; வேகத்தைச் சற்று மாற்றினால் கடப்புக் காலம் பல கோடி ஆண்டுகள் நகர்ந்துவிடும். பால்வெளியின் அமைப்பைப் பற்றிய புதிய படத்தைக் கொண்டு ஓவர்ஹோல்ட், மெலாட், போல் ஆகிய மூவர் 2009இல் மீண்டும் கணக்கிட்டபோது, கரங்களும் பனிக்காலங்களும் ஒத்துப்போகவில்லை. ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் செயற்கை மேக அறைக்குள் நடந்த சோதனைகளும், அண்டக் கதிர்களால் நுண்துகள்கள் உருவாவது உண்மை என்றாலும் இன்றைய மேகங்களில் அதன் விளைவு மிகக் குறைவு என்றே காட்டின.

ஆஸ்திரேலியாவின் கர்டின் பல்கலைக்கழகத்து கிறிஸ் கிர்க்லண்டும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட கட்டுரை எனக்குப் பிடித்தமானது. கிரீன்லாந்திலும் ஆஸ்திரேலியாவின் பில்பராவிலும் உள்ள முதுபெரும் பாறைகளில் இருக்கும் சிர்கான் என்னும் கனிம மணிகளில் ஹாஃப்னியம் என்னும் தனிமத்தின் ஐசோடோப்புகளை அளந்து, பூமியின் தொடக்கக் காலத்தில் மேலோடு உருவானதில் 17 முதல் 20 கோடி ஆண்டுத் தாளம் ஒன்று தெரிவதாகவும், அது சூரியன் சுருள் கரங்களைச் சந்திக்கும் காலத்தோடு ஒத்திருப்பதாகவும் எழுதினார்கள். மணல் அளவுள்ள ஒரு மணியிலிருந்து பால்வெளி வரை போகும் அந்தத் துணிச்சலைப் பாராட்டலாம். ஆனால் அவர்கள் பேசுவது 300 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலம். அப்போது சூரியன் மையத்திலிருந்து இதே தொலைவில்தான் இருந்ததா என்பதே உறுதியில்லை. விண்மீன்கள் பிறந்த இடத்திலிருந்து உள்ளும் புறமும் இடம்பெயர்கின்றன, சூரியனும் மையத்துக்கு இன்னும் அருகே பிறந்திருக்கலாம்.

என் நிலைப்பாட்டுக்குக் காரணம் இதுதான். பால்வெளிக் கடிகாரத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது, பாறைக் கடிகாரத்தைப் பற்றித் தெரிந்ததைவிடக் குறைவு. தெரியாத கடிகாரத்தைத் தெரிந்த கடிகாரத்துக்குப் பொருந்துமாறு திருகி வைத்துக்கொண்டு, பிறகு இரண்டும் பொருந்துகின்றன என்று மகிழ்வதில் பயனில்லை. வானமும் பாறையும் உண்மையிலேயே பொருந்திய ஒரு நிகழ்வு நம் துறையில் உண்டு. பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் மாறுவதால் பனியுகங்கள் வந்துபோகின்றன என்று செர்பியாவின் மிலுட்டின் மிலன்கோவிச் கையால் கணக்குப் போட்டு, 1941இல் முழு நூலாக வெளியிட்டார். கடலடிச் சேற்றைத் தோண்டி எடுத்து ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் மூவரும் அதைச் சோதித்து முடித்தது 1976இல். ஏறத்தாழ 1,00,000, 41,000, 23,000 ஆண்டுச் சுழற்சிகள் சேற்றில் அப்படியே இருந்தன. கணக்கு முன்னால் வந்தது, சேறு பின்னால் வந்தது. கணக்கைத் திருத்திச் சேற்றோடு பொருத்தவில்லை. பால்வெளி ஊகத்தை முன்வைப்பவர்களிடம் நான் கேட்பதும் இந்த வரிசையைத்தான்.

பால்வெளிக்கும் பூமிக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்வதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். தொடர்பு இருக்கிறது, அதைக் கையில் எடுத்து அளந்தும் இருக்கிறார்கள். தங்கள் கட்டுரை அதை முற்றாக விட்டுவிட்டதுதான் என் பெரிய மனக்குறை. பசிபிக் பெருங்கடலின் அடியில் இரும்பும் மாங்கனீசும் கலந்த கரிய பொருக்கு, பத்து லட்சம் ஆண்டுகளுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்ற வேகத்தில் பாறைமேல் படிந்து வளர்கிறது. நகம் அளவு தடிப்பில் பல லட்சம் ஆண்டுகள் அடங்கியிருக்கும். அதை அடுக்கடுக்காகச் சுரண்டி மியூனிக் ஆய்வாளர்கள் இரும்பு-60 என்னும் ஐசோடோப்பைத் தேடினார்கள். அதன் அரைஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 26 லட்சம் ஆண்டுகள். பூமி தோன்றி 454 கோடி ஆண்டுகள் ஆனபடியால், பிறக்கும்போது நம்மிடம் அது எவ்வளவு இருந்திருந்தாலும் எப்போதோ சிதைந்து தீர்ந்துபோயிருக்கும். பெரும் விண்மீன்களுக்குள் உருவாகி, அவை சூப்பர்நோவாவாக வெடிக்கும்போது சிதறுவது அது. ஆகவே இன்று பொருக்கில் ஓர் அணு அகப்பட்டாலும் அது அண்மையில் வெளியிலிருந்து வந்து விழுந்ததே. அது அகப்பட்டது: 1999இலும், இன்னும் தெளிவாக 2004இலும். ஏறத்தாழ 20 முதல் 30 லட்சம் ஆண்டு வயதுள்ள அடுக்கில் அது குவிந்திருந்தது. பிறகு மற்றப் பெருங்கடல்களின் படிவுகளிலும், அப்போலோ வீரர்கள் கொண்டுவந்த நிலா மண்ணிலும் கண்டார்கள். 70 லட்சம் ஆண்டுகளை ஒட்டி இன்னொரு குவியலும் தெரிந்தது. அண்டார்க்டிகாவில் அண்மையில் பெய்த பனியில் 500 கிலோவை மியூனிக்குக்குக் கொண்டுபோய் உருக்கிப் பார்த்தபோது, 2019இல் அதிலும் இரும்பு-60 இருந்தது. அந்தத் தூசு இன்றும் நம்மேல் விழுந்துகொண்டிருக்கிறது.

இந்த வெடிப்புகள் நூற்றுக்கணக்கான ஒளியாண்டு தொலைவில் நிகழ்ந்தவை என்று மதிப்பிடப்படுகிறது. உயிரினங்களைக் கூண்டோடு கொல்ல முப்பது ஒளியாண்டுக்குள் வர வேண்டும். எனவே பேரழிவு என்ற தலைப்பு இதற்குப் பொருந்தாது. ஆனால், சூரியன் போகும் வழியில் எதைச் சந்தித்தது என்பதைக் கடலடிப் பொருக்கு எழுதி வைத்திருக்கிறது என்பது சிறிய செய்தியா? இதன் தொடர்ச்சியாக, வியன்னா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று கையா தரவுகளைக் கொண்டு சூரியனின் பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, ஏறத்தாழ 1.8 கோடி ஆண்டுகளுக்கும் 1.1 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, அவற்றுக்கு இடைப்பட்ட காலத்தில், ராட்கிளிஃப் அலை என்னும் நீண்ட வாயுத் திரளின் ஊடே, ஓரியன் பகுதிக்கு அருகே, நாம் கடந்து வந்தோம் என்று 2025இல் எழுதினார்கள். பூமி குளிர்ந்த மயோசீன் காலத்து மாற்றம் ஒன்றும் அதே காலத்தில் நிகழ்ந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அவர்கள் அறுதியிட்டுச் சொல்லவில்லை. இரும்பு-60 போன்ற தடயத்தை அந்த அடுக்குகளில் தேடலாம் என்கிறார்கள். பால்வெளிச் சுழற்சி என்ற பெரிய சக்கரத்தைத் தேடுவதைவிட, போன கோடி ஆண்டுகளில் எந்தெந்த மேகத்தைக் கடந்தோம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் கைக்கு எட்டும் வேலை என்பது என் கருத்து.

அரியலூர் வட்டாரத்தில், டைனோசர்களின் கடைசிக் காலமான கிரிட்டேசியஸ் காலத்துப் பாறைகளில் என் மாணவர்களை ஆண்டுதோறும் நடக்க வைத்திருக்கிறேன். காரை கிராமத்துச் செம்மண் ஓடைகளில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போனால், கணவாய்க்கு உறவான, அழிந்துபோன கடல் உயிரிகளில் பெலம்நைட்டின் துண்டுகள் பென்சில் முனைகள்போல் கிடக்கும், சுருள் ஓடுள்ள அம்மோனைட்டும் அகப்படும். அங்கிருந்து மேல் அடுக்குகளுக்கு ஏறி, டைனோசர் எலும்புகள் கிடைத்த கல்லமேட்டு மணற்பாறையைத் தாண்டி, நின்னியூர்ச் சுண்ணாம்புப் பாறைக்கு வந்தால் கடல் மீண்டும் வந்துவிட்டது தெரியும், ஆனால் ஓர் அம்மோனைட்கூடக் கிடைக்காது. என்ன ஆயிற்று என்று கேட்கும் மாணவனுக்கு, மெக்சிகோவில் விழுந்த சிறுகோளையும் தக்காணத்தில் பொங்கிய எரிமலைக் குழம்பையும் காட்ட முடியும். இரண்டின் வயதும் நமக்குத் தெரியும். அதற்கு மேல் பால்வெளியையும் காட்டுவதாக இருந்தால், "இது ஓர் ஊகம்" என்ற சொல்லைச் சேர்த்தே காட்ட வேண்டும்.

எனவே அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 2.6 கோடி ஆண்டுச் சுழற்சி 1984இல் முன்வைக்கப்பட்டு இன்றும் விவாதத்தில் இருப்பது என்றும், அதற்கும் சூரியன் நடுத்தளத்தைக் கடப்பதற்கும் உள்ள தொடர்பு நிறுவப்படவில்லை என்றும் அதில் குறிப்பிட்டால் போதும். மூன்றாவது செய்தியை மட்டும் முழுமையாக மாற்ற வேண்டும். சூரியன் இப்போது நடுத்தளத்துக்குச் சுமார் 60 ஒளியாண்டு மேலே இருக்கிறது. நொடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேகத்தில் தளத்தைவிட்டு விலகி மேலும் எழும்பிக்கொண்டிருக்கிறது. உச்சிக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடி தளத்தைக் கடக்க இன்னும் 3 கோடி ஆண்டுகளாவது ஆகும். பக்கத்து வீட்டு மாணவியிடம் இதைச் சொன்னபோது, "அப்போ பரீட்சை எழுதித்தான் ஆகணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்,
அரியலூர்.